ராகு காலத்தில் பார்த்த வீடு

செருக்கு அறவேண்டும் என்று இறைவனிடம் இருவேளையும் பாடி இரந்து நிற்பவன் நான். ஐம்பது ஆண்டுகள் பாடியும் அது அறுந்தபாடில்லை என்பதற்கு இந்தக் கட்டுரையே சான்றாக நிற்கும். என் மகளைப் பற்றிப் பேச வாயெடுத்தால் பணிவு என்னை விட்டு விலகிவிடுகிறது. அடியார்கள் பொறுத்தருள்க.

அவளுக்கு வயது நாற்பத்து நான்கு. தியாகராய நகரில் ஒரு பட்டுப் புடவைக் கடையில், நெசவாளர்கள் கொண்டுவரும் புடவைகளைப் பார்த்துத் தேர்ந்து வாங்கும் பொறுப்பு அவளுடையது. இருபது ஆண்டுகளாக அதே வேலை. புடவையை நீள மேசையில் விரித்து, விளக்கை மேலிருந்து காட்டாமல், மேசையோடு மேசையாகத் தாழ்த்திப் பக்கவாட்டில் பிடிப்பாள். "நேர் வெளிச்சத்துல எல்லாப் புடவையும் அழகுதான்ப்பா. சாய்வா வெளிச்சம் பட்டாத்தான் இழை விட்டது தெரியும்" என்பாள். குறை கண்ட இடத்தில் ஒரு சிவப்பு நூலைக் கட்டிவிட்டு அடுத்த புடவைக்குப் போய்விடுவாள். திருமணம் அவளுக்கு அமையவில்லை. அதை அவள் குறையாகச் சொன்னதே இல்லை; நான்தான் நெடுங்காலம் குறையாக எண்ணிக்கொண்டிருந்தேன்.

என் மனைவி இறைவனடி சேர்ந்த பின் அடையாற்றில் ஒரு வாடகை வீட்டில் நாங்கள் இருவருமாக வாழ்ந்தோம். அந்தக் கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டப் போவதாக உரிமையாளர் சொன்னபோது, மகள் என்னிடம் வந்து நின்றாள்.

"வாடகை வீடு போதும்ப்பா. என் பேர்ல ஒண்ணு வாங்கிடலாம்."

அவள் வயதில் வங்கிக்காரர்கள் வீட்டுக் கடன் கொடுப்பது ஒருமுறைதான். தவறான வீட்டை வாங்கிவிட்டால், அதை விட்டு வேறொன்று வாங்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. இருபது ஆண்டுகள் சேர்த்ததெல்லாம் அந்த ஒரு கதவுக்குப் பின்னால் போய்விடும். இது எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்திருந்தும் நான் ஒரு நிபந்தனை வைத்தேன்.

எனக்கு முழங்கால்கள் தளர்ந்துவிட்டன. அடையாற்றிலிருந்து பேருந்தேறி மயிலாப்பூர்க் கோயிலுக்குப் போய், நண்பர்களோடு அமர்ந்து பதிகம் பாடிவிட்டுத் திரும்புவதற்குள் உடல் ஒரு வழியாகிவிடும். நடக்கவே முடியாத நாள் ஒன்று வரும். அன்று படுக்கையிலிருந்து தலையைத் தூக்கினால் கோபுரம் கண்ணில் பட வேண்டும். இதுதான் என் நிபந்தனை. மகள் சிரித்தாள். "பார்க்கலாம்ப்பா" என்றாள். அவள் அகராதியில் அந்தச் சொல்லுக்குச் சரி என்று பொருள்.

தரகர் ஒருவர் கிடைத்தார். ஐம்பது வயதிருக்கும், நெற்றி நிறையத் திருநீறும் கையில் இரண்டு கைப்பேசிகளுமாக வருவார். என்னைக் கண்டவுடன் சாமி என்று அழைக்கத் தொடங்கினார். மாட வீதிகளை ஒட்டிய தெரு ஒன்றில், மூன்று மாடிக் கட்டடத்தின் இரண்டாம் தளத்தில், எட்டு மாதமாகப் பூட்டிக் கிடந்த ஒரு வீட்டைச் சொன்னார்.

"ஞாயித்துக்கெயம காலைல நல்ல நேரம் பாத்து வாங்க சாமி. நான் மின்னாடியே போய்த் தொறந்து வெச்சிகினு கீறேன்" என்றார். வீடு பார்க்க நேரம் குறித்துக் கொடுக்கிற தரகர் இந்தக் காலத்திலும் இருக்கிறாரே என்று உள்ளம் குளிர்ந்தது.

நாங்கள் போனபோது வாசலில் கோலம் இருந்தது. நிலைப்படியில் மாவிலை தொங்கியது. உள்ளே ஒரு மண் தட்டில் சாம்பிராணி புகைந்து, கூடம் முழுதும் மணம் நிறைந்திருந்தது. புது வெள்ளை வண்ணம் கண்ணைப் பறித்தது. கூடத்தின் சன்னலைத் தரகர் திறந்தார். எதிர் வீட்டு மாடிக்கு மேலே, தென்னங்கீற்றுகளுக்கு இடையே, கோபுரத்தின் மேல் நிலைகளும் கலசங்களும் காலை வெயிலில் நின்றன. நான் சன்னல் கம்பியைப் பற்றிக்கொண்டேன். கண் நிறைந்தது. வாய் தானாகவே ஒரு பாடலைத் தொடங்கிவிட்டது.

"சாமி பாடிட்டாரு. அப்பொறம் இன்னா? வூடு முடிஞ்ச மாரிதான்" என்றார் தரகர்.

அதற்குப் பின் இருமுறை போனோம். இருமுறையும் நாள்காட்டித் தாளில் நல்ல நேரம் பார்த்தே போனோம். இருமுறையும் சாம்பிராணி எங்களுக்கு முன்னே வந்து காத்திருந்தது. கோயிலில் என்னோடு பாடும் நண்பர்களிடம், இன்னும் சில வாரங்களில் நானும் உங்கள் தெருக்காரன்தான் என்று சொல்லிவிட்டேன். முன்பணம் கொடுக்க வளர்பிறையில் ஒரு வெள்ளிக்கிழமையையும் குறித்தாயிற்று.

அந்த வாரம் ஐப்பசி மழை இரண்டு நாள் விடாமல் பெய்தது. திங்கட்கிழமை மாலை வேலையிலிருந்து திரும்பிய மகள், குடையை மடக்கியபடியே சொன்னாள்.

"நாளைக்கு மத்தியானம் லீவு சொல்லிட்டேன். மூணு மணிக்கு அந்த வீட்டைப் போய்ப் பார்க்கப் போறேன்."

"நாளைக்குச் செவ்வாய்க்கிழமை. மூணுலேர்ந்து நாலரை ராகு காலம்."

"தெரியும்ப்பா. அதனாலதான்."

எனக்குச் சினம் வந்தது. நல்ல காரியத்துக்காகப் பார்க்கும் வீட்டைக் கெட்ட நேரத்தில் மிதிப்பதா என்று கேட்டேன். அவள் குரலை உயர்த்தவில்லை.

"நாம அந்த வீட்ல ராகு காலத்துலயும் இருக்கப் போறோம்தானேப்பா? நல்ல நேரத்துல அது எப்படி இருக்கும்னு மூணு தடவை பார்த்தாச்சு. மத்த நேரத்துல எப்படி இருக்கும்னு யாருமே காட்டலையே."

"சந்தேகப்பட்டால் எதுதான் தேறும்?"

"நெசவாளி விரிச்சுக் காட்டுற பக்கத்தை மட்டும் பார்த்து நான் ஒரு புடவை கூட வாங்கினதில்ல. திருப்பிப் பார்த்துட்டுத்தான் வாங்குவேன்."

விடை தோன்றாத தந்தை செய்வதையே செய்தேன்: முகத்தைத் திருப்பிக்கொண்டு, மறுநாள் திருநீற்றுப் பையை இடுப்பில் செருகிக்கொண்டு, அவளுக்குத் துணையாகப் புறப்பட்டேன்.

வாசலில் காவலாளி எங்களை மேலும் கீழும் பார்த்தார். "இன்னா சாமி, ராவு காலத்துல வந்துக்கீறீங்க? புரோக்கரு வர்லியா?" என்றவர், மகள் முன்பே உரிமையாளரிடம் தொலைபேசியில் அனுமதி பெற்றிருந்ததால் சாவியைக் கொடுத்தார். கொடுத்த கையோடு தரகருக்கும் சொல்லியிருக்கிறார் என்பது பிறகு தெரிந்தது.

கதவைத் திறந்தோம். ஈரத் துணியை மூட்டையாகக் கட்டி மூலையில் போட்டு மறந்தது போன்ற ஒரு நாற்றம் எங்களை எதிர்கொண்டது. மூன்று முறை வந்தும் நான் அறியாத நாற்றம்.

"சாம்பிராணி போடாத வீடு இதுதான்ப்பா" என்றாள் மகள்.

எனக்குச் சுருக்கென்றது. சாம்பிராணியைத் தரகரின் பக்தி என்றல்லவா எண்ணியிருந்தேன்! இறைவனுக்கு உகந்த மணம் என்று நான் மூச்சை இழுத்து இழுத்து மகிழ்ந்ததெல்லாம் ஒரு திரைதான். நல்ல நேரம் பார்த்து வருகிறவன் எந்த மணத்துக்கு மயங்குவான் என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது.

மகள் படுக்கையறைச் சுவரோரம் போனாள். கைப்பேசி விளக்கைச் சுவரில் ஒட்டினாற்போல் பிடித்து, ஒளியைச் சுவரின் மீது வழுக்கி ஓடவிட்டாள். நேரே பார்த்தால் பால்போல் இருந்த சுவரில், இடுப்புயரத்துக்கு, பூசி மறைத்த திட்டு ஒன்று மேடும் பள்ளமுமாக எழுந்து வந்தது. அடியில், தரையைத் தொடும் இடத்தில், வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. அவள் விரலால் தேய்த்து என்னிடம் காட்டினாள். சுவரின் மறுபக்கம் குளியலறை.

குளியலறைக்குள் சென்றதும் ஒரு நாணயத்தை எடுத்து என் கையில் வைத்தாள்.

"இங்க என் கண்ணு உதவாதுப்பா. உங்க காது வேணும். ஒவ்வொரு டைல்ஸா தட்டிப் பாருங்க."

இந்த இடத்தில் என்னைப் பற்றியும் ஒரு வரி பெருமையாக எழுதிக்கொள்கிறேன். பத்துப் பேர் கூடிப் பாடும்போது, எவர் குரல் பண்ணிலிருந்து நூலிழை நழுவினாலும் எனக்குத் தெரிந்துவிடும். நண்பர்கள் அதற்காக என்னை வைததும் உண்டு. அந்தக் காதைத் தரையருகே கொண்டுபோய், முழங்காலைத் திட்டியபடியே, அங்கே கிடந்த சிறு பலகையில் அமர்ந்து தட்டினேன். நன்றாகப் பதிந்த கல் சுருக்கமாக விடை சொன்னது. அடியில் பற்றில்லாத கல், வெறும் குடத்தைத் தட்டினாற்போல் தாழ்ந்த சுருதியில் முனகியது. மகள் பையிலிருந்து சாக்பீஸ் எடுத்து, நான் தலையசைத்த கற்களிலெல்லாம் குறியிட்டாள். நீர் வடியும் வாயைச் சுற்றிப் பதினொரு கற்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஒரு வட்டமாக உருக்கொண்டது.

"சரி, கீழ் வீட்டுக்குப் போகலாம்" என்றாள்.

"பிறர் வீட்டில் நமக்கு என்ன வேலை?"

"மேல் வீட்டோட நோய் கீழ் வீட்டுலதான்ப்பா தெரியும்."

முதல் தளத்தில் கதவைத் திறந்தவர் ஐம்பது வயதுள்ள ஓர் அம்மாள். திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். கணவர் தியாகராய நகரில் ஆயத்த ஆடைக் கடை நடத்துகிறார். நாங்கள் யாரென்று மகள் சொன்னதும் அவர் முகத்தில் ஓர் அச்சம் வந்து போனது. ஆனாலும் வழிவிட்டு நின்றார்.

"மேல் வீட்ட வாங்கப் போறியளா? வாங்க, உள்ள வாங்க. எத்தன பேரு வந்து மேல பாத்துட்டுப் போனாவ, கீழ எறங்கி வந்து கேட்டது நீங்கதான்."

எங்களை அழைத்துச் சென்று அவர் காட்டியது பூசையறை. மேல் வீட்டுக் குளியலறைக்கு நேர் கீழே இருந்தது அது. சுவரில் பதித்த பலகையில் முருகனும் அம்மையும் பிள்ளையாரும் படங்களாக வீற்றிருந்தார்கள். அவர்களுக்கு மேலே, பலகையின் பக்கக் கம்பியில் காம்பைக் கயிற்றால் கட்டி, ஒரு கறுப்புக் குடை விரித்து வைக்கப்பட்டிருந்தது. சாதாரண மழைக் குடை.

"சாமிக்குக் கொட புடிச்சிருக்கன்னு என் மவன் கேலி பண்ணுதான். நான் என்ன செய்ய? மேல வாடகைக்கு இருந்தவுக குளிச்சா அரை மணி நேரத்துல இங்க சொட்டும். நல்ல தண்ணியா அது? சோப்புத் தண்ணி! அதுவும் முருகன் தலையில!" என்றவர், சற்று நிறுத்தி, குரலைத் தாழ்த்தினார். "இப்ப எட்டு மாசமா மேல ஆள் இல்ல. நிம்மதியா இருக்கேன். நீங்க வரப் போறியன்னு தெரிஞ்சதும், கொடைய மடக்காம வெச்சது நல்லதாப் போச்சின்னு தோணுது."

இறைவனுக்குக் குடை பிடிப்பது திருத்தொண்டு. திருவீதி உலாவில் குடை சுமந்தவர்களின் பின்னால் பாடிச் சென்றிருக்கிறேன். குளித்த அழுக்கு நீர் திருமேனியில் விழாதிருக்கப் பிடித்த குடையை அன்றுதான் கண்டேன். மேலே நான் அதிகாலையில் நீராடி, திருநீறு பூசி, கோபுரத்தைக் கண்டு கசிந்து பாடுவேன். நான் நீராடிய நீர் கீழே இவர் முருகனை நனைக்கும். நினைத்த மாத்திரத்தில் உடம்பு கூசியது.

படியிறங்கி வந்தபோது தரகர் மூச்சிரைக்க வாசலில் நின்றிருந்தார்.

"இன்னா சாமி, சொல்லாம கொள்ளாம வந்துட்டீங்க? கீய் வூட்டு அம்மா எதுனா சொல்லிகினு கீதா? அது ஏசி தண்ணி சாமி. சும்மா பேசும்."

"குளியலறைக்குக் கீழ ஏசி எங்கேர்ந்து வந்துது?" என்று கேட்டாள் மகள்.

அவர் அவளை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். தோளருகே வந்து குரலைக் குழைத்தார். "சரி, ஒயுகுதுன்னே வெச்சிக்க சாமி. உங்க தலைலயா சொட்டுது? நீங்க மேல ஜம்முனு கோபுரம் பாத்துகினு இருக்கப் போறீங்க. ஓனராண்ட நான் பேசறேன். வெலய நல்லாவே கொறைச்சுத் தருவாரு."

நான் உடனே மறுத்தேன் என்று எழுதினால் இக்கட்டுரை எளிதாக முடிந்துவிடும். ஆனால் நான் மறுக்கவில்லை. என் நிபந்தனைக்குப் பொருந்திய வீடு வேறெங்கும் கிடைக்காது என்று மனம் கணக்குப் போட்டது. சொட்டுவது பிறர் வீட்டில்தானே, பிறகு பார்த்துக்கொள்ளலாமே என்றும் ஒரு குரல் எழுந்தது. அது தரகரின் குரல் அன்று, என் குரல்தான். அதன் சுருதி எனக்கு நன்றாகத் தெரியும்.

குளக்கரைத் தெருவில் ஒரு காப்பிக் கடையில் உட்கார்ந்தோம். மகள் டம்ளரைக் கையில் உருட்டியபடியே சொன்னாள்.

"அந்தச் சன்னல் கிட்ட உங்க முகம் எப்படி மாறுச்சுன்னு நான் பார்த்தேன்ப்பா. உங்களுக்கு வேணும்னா வாங்கிடலாம். ரிப்பேரை நான் மெதுவா பார்த்துக்கறேன்."

ஒரு விட்ட இழையைக்கூடப் பொறுக்காதவள் எனக்காகக் கண்ணை மூடிக்கொள்ள ஒப்புகிறாள் என்பது அப்போது புரிந்தது. எழுபத்து நான்கு வயதில் என் ஆசையின் கனத்தை அவள் வாழ்நாள் உழைப்பின் மீது இறக்கி வைத்துவிட்டு, மேலே நின்று நான் பாடிக்கொண்டிருப்பேன். அந்த அம்மாள் கீழே குடை பிடித்துக்கொண்டிருப்பார்.

"வேண்டாம்" என்றேன். "அந்த அம்மா வீட்ல ஒரு சொட்டு விழாதுன்னு நம்ம கண்ணால பார்க்கற வரைக்கும் முன்பணம் கிடையாது. பார்க்க முடியலைன்னா அந்த வீடே கிடையாது."

"கோபுரம்?"

"கோபுரம் எங்கேயும் போகாது. பஸ் ஏறி வந்து பார்க்கறேன்."

அவள் பணியாளரைக் கூப்பிட்டு எனக்கு இன்னொரு காப்பி கொண்டுவரச் சொன்னாள். மாலையில் இரண்டாவது காப்பி கூடாது என்று ஐந்து ஆண்டுகளாகக் கண்டிக்கிறவள்.

உரிமையாளர் பணி ஓய்வு பெற்றவர். பெங்களூரில் மகனோடு இருந்தார். மறுநாள் மாலை அவரைத் தொலைபேசியில் அழைத்து, நானும் கேட்கும்படி ஒலிபெருக்கியில் வைத்து மகள் பேசினாள்.

"நான் இருந்த வீடும்மா அது. ஒண்ணும் கிடையாது. கீழ இருக்கறவங்களுக்குக் குறை சொல்றதே வேலை" என்று அவர் பொரிந்தார்.

"இருக்கலாம் சார். ரெண்டு நாள் பாத்ரூம்ல தண்ணி கட்டி வைக்க அனுமதி குடுங்க. கீழ இறங்கலைன்னா, அந்த அம்மா சொன்னது தப்புன்னு நானே அவங்ககிட்ட சொல்றேன். இறங்குச்சுன்னா நீங்க சரி பண்ணிக் குடுங்க, நாங்க சொன்ன விலைக்கே வாங்கிக்கறோம். விலையைக் குறைக்க வேண்டாம்."

விலையைக் குறைக்க வேண்டாம் என்று சொல்லும் வாடிக்கையாளரை அவர் எதிர்பார்த்திருக்கவில்லை. "கட்டிப் பாருங்க" என்று வைத்துவிட்டார்.

அந்தச் சனிக்கிழமை காலை, நீர் வடியும் வாயைத் துணியால் இறுக அடைத்து, குளியலறையில் கணுக்கால் நனையும் அளவுக்கு நீர் நிரப்பினோம். மகள் பையிலிருந்து, வெள்ளை வேட்டிக்குப் போடும் சொட்டு நீலப் புட்டியை எடுத்து முழுதும் கவிழ்த்தாள். வேறு எங்கிருந்தோ வரும் நீர் என்று எவரும் சாதிக்கக்கூடாது அல்லவா? நான் கீழ் வீட்டுப் பூசையறையில் ஒரு நாற்காலியில் அமர்ந்து மேலே நோக்கியிருந்தேன். நஞ்சைக் கண்டத்தளவில் நிறுத்திய நீலகண்டனைப் பாடினேன். கட்டடத்துக்கு அந்த ஆற்றல் இல்லை. உச்சிப் பொழுதுக்குள் கூரையில் மல்லிகை மொட்டளவு ஒரு நீலப் புள்ளி தோன்றியது. பிறகு அது திரண்டு, தயங்கி, குடையின் மேல் விழுந்தது.

அந்த அம்மாளுக்கு வந்த மகிழ்ச்சியை என்னென்பேன்! "பாத்தியளா? பாத்தியளா? நாலு வருசமா ஏசித் தண்ணி, ஏசித் தண்ணின்னாவ. ஏசி நீலமாவா ஒழுகும்?" என்று கைகொட்டிச் சிரித்தார். மகள் படமெடுத்து உரிமையாளருக்கு அனுப்பினாள். இரண்டு நாள் அவரிடமிருந்து ஒரு சொல்லும் இல்லை. மூன்றாம் நாள் அழைத்தார். "ஆளை வெச்சுப் பாருங்கம்மா. செலவு என்னோடது" என்றார். குரலில் முன்பிருந்த முறைப்பு இல்லை.

தரகர் என்னைத் தனியே அழைத்தார். "சாமி, இனிமே எந்த வூட்டுக்கும் உங்க பொண்ணக் கூட்டிகினு வராதீங்க. என் பொயப்பு நாறிடும்" என்றார். என் வாழ்நாளில் நான் பெற்ற பட்டங்களுள் இதை உயர்ந்ததாக வைக்கிறேன்.

வேலை தொடங்கும் முன் மகள் இன்னொன்றும் செய்தாள். கட்டடங்களைச் சோதிக்கும் பொறியாளர் ஒருவரை அழைத்துவந்து, வண்டிகள் நிறுத்தும் தளத்துத் தூண்களையும் மொட்டை மாடியையும் பார்க்கச் சொன்னாள். கடற்காற்று படும் ஊரில் தூணுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடித்து ஊதினால் தூணே வெடித்துவிடும். அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று எங்கோ விசாரித்து வைத்திருந்தாள். அவர் சிறு சுத்தியால் ஒவ்வொரு தூணாகத் தட்டிக்கொண்டு போனார். இவள் பின்னாலேயே விளக்கைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, இங்கே மயிர்க்கோடு போல் இருக்கிறதே, இது பூச்சின் வெடிப்பா, உள்ளேயிருந்து வருவதா என்று கேட்டபடி போனாள். ஒரு மணி நேரம் கழித்து அவர் நின்று திரும்பினார்.

"மேடம், நீங்க சிவில் இன்ஜினியரா?"

"இல்ல சார், புடவை."

அவர் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்துக்கொண்டேன். சிரிப்பை அடக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. தூண்கள் நலம், மாடிக் கைப்பிடிச் சுவரில் மட்டும் ஒரு விரிசல், அதைக் குடியிருப்போர் சங்கம் பூசிவிடலாம், குளியலறை ஒன்றுதான் நோயாளி என்று எழுதிக் கொடுத்துவிட்டுச் சென்றார்.

கொத்தனார் கற்களைப் பெயர்த்தார். நான் தலையசைத்த பதினொன்றும் கையாலேயே எழுந்து வந்தன. இதையும் எழுதாமல் விட மனமில்லை. அடியில் நிரப்பியிருந்த செங்கல் துண்டுகள் சேறாகக் கிடந்தன. அதற்குள் புதைந்திருந்த குழாய், இணைப்பில் வாய் பிளந்திருந்தது. "குளிச்ச தண்ணியெல்லாம் வெளிய போவாம இங்கியே குடித்தனம் பண்ணிக்கீது சாமி" என்றார் கொத்தனார். எல்லாவற்றையும் வாரி வெளியேற்றி, தளத்தைக் காயவிட்டு, நீர் புகாத பூச்சு இருமுறை பூசி, புதுக் குழாய் பதித்தார்கள். மகள் தினமும் வேலைக்குப் போகும் முன்னும் பின்னும் வந்து நின்றாள். பூச்சு முழுதும் காயாமல் கல் பதிக்க விடவில்லை. முணுமுணுத்த கொத்தனாரிடம், "அண்ணா, அவசரப்பட்டா திரும்பவும் நீங்கதான் உடைக்கணும்" என்றாள். முன்பணத்துக்கென்று நான் குறித்த வெள்ளிக்கிழமை எப்போதோ கடந்து போயிருந்தது.

கார்த்திகையில் மீண்டும் நீர் கட்டினோம். இம்முறை இரண்டு பகல், இரண்டு இரவு. கீழே கூரை வறண்டே இருந்தது. கொத்தனார் போதும் என்றார். உரிமையாளர் போதும் என்றார். நானும் போதும் என்றேன். மகள் மட்டும் ஒப்பவில்லை.

"தேங்கின தண்ணி வேற, ஓடுற தண்ணி வேறப்பா. சோப்பு போட்டு, வெந்நீர் ஊத்தி, ஒரு மனுஷன் குளிக்கணும். துண்டு கொண்டு வந்திருக்கேன். போய்க் குளிங்க. நான் கீழ நிக்கறேன்."

வெறும் வீட்டில், வாங்காத வீட்டில், அரை மணி நேரம் நீராடினேன். மகள் கடையிலிருந்து இரவல் வாங்கி வந்த வெந்நீர்க் கம்பியில் வாளி வாளியாகத் தண்ணீர் காய்ந்தது. முதல் சொம்பை மெதுவாகச் சாய்த்து, நீர் போகும் திசையைப் பார்த்தேன். அவள் எதிர்காலம் அந்த வடிவாயின் வழியே போகிறதா, தளத்தின் வழியே போகிறதா என்று எனக்குத் தெரியவில்லை. அச்சத்தைப் போக்க நான் அறிந்த வழி ஒன்றே. பாடத் தொடங்கினேன். மழை வேண்டிப் பாடும் பதிகம் நாவில் வந்தது. இதுவன்று வேளை என்று அதை விலக்கி, வேறொன்றைப் பாடினேன். நீர் சலசலவென்று வடிவாயில் இறங்கியது. வாளிகள் தீர்ந்தன.

தலையைத் துவட்டியபடி, ஈர வேட்டியோடு படிக்கட்டின் கைப்பிடியில் சாய்ந்து கீழே குரல் கொடுத்தேன்.

"என்னம்மா? ஏதாவது இறங்குதா?"

மகள் கண்ணை எடுக்காமல் விளக்கைச் சாய்த்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். விடை சொன்னவர் அந்த அம்மாள்தான்.

"ஒண்ணும் எறங்கல அய்யா! நீங்க பாடுத சத்தம் மட்டுந்தான் எறங்கி வருது!"

அதன் பின்தான் மகளின் குரல் வந்தது. "வாங்கிடலாம்ப்பா" என்றாள்.

தை மாதத்தில் பத்திரம் பதிவாயிற்று. வாங்குபவர் என்ற இடத்தில் அவள் பெயர் ஒன்றே இருந்தது. சாட்சிகள் கையெழுத்திடும் இடத்தில் என் பெயரை எழுதும்போது என் எழுத்து வழக்கத்தைவிடச் சற்றுப் பெரிதாக விழுந்துவிட்டது.